'லேடி மேரி'க்கு டைவ் போகலாமா?

கடற்காகம்: நியூ ஜெர்சியின் கேப் மே துறைமுகத்துக்கு வெளியே, சுமார் 64 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது 'லேடி மேரி'. ஸ்காலப் சிப்பி வாரும் படகு. 2009 மார்ச் 24 விடியுமுன் மூழ்கியது. ஏழு பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அங்கெல்லாம் டைவ் போகவே கூடாது என்கிறேன். அது ஆறு பேர் உயிர்விட்ட இடம்.

செல்வி: அப்படி எல்லோரும் ஒதுங்கியிருந்தால் படகைத் திருப்பும் அதன் சுக்கானை யார் பார்த்திருப்பார்கள்? டைவர்கள் இறங்கிப் படமெடுத்ததால்தானே அது வளைந்து கிடப்பது தெரிந்தது? பெரிய கப்பல் மோதியிருக்குமோ என்ற சந்தேகம் அதனால்தான் வலுத்தது. கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமா?

கடற்காகம்: சின்ன விஷயம் இல்லை. ஆனால் கடலோரக் காவல்படை விசாரணையில், பின்தள அறையின் மூடி திறந்திருந்து தண்ணீர் புகுந்தது என்றுதான் முடித்தார்கள். உதவி ஏன் தாமதமானது? ஆபத்து சமிக்ஞைக் கருவியின் பதிவில் ஓர் எழுத்து தப்பாக ஏறியிருந்தது. படகு எது, எங்கே என்று புரிய ஒன்றரை மணி நேரம் போனது. அந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க யாரும் கடலில் இறங்கவில்லை. காகிதத்தைப் புரட்டினார்கள்.

முருகேசன்: நடுவில் நுழைகிறேன். அந்தக் கடலில் கோடையிலும் அடித்தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழேதான். 64 மீட்டரில் அழுத்தம் 7.4 பார். சாதாரணக் காற்றோடு போனால் அதிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமே 1.55 பார், வேலை செய்யும்போது 1.4 தாண்டக்கூடாது, தாண்டினால் ஆக்சிஜனே நஞ்சாகலாம். நைட்ரஜன் மயக்கம் வேறு. அதனால் ஹீலியம் கலந்த 'டிரைமிக்ஸ்' வாயுவைச் சுவாசிக்க வேண்டும். ஆனால் ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் தண்ணீர் புகாத உடையான டிரைசூட்டில் வேறு வாயு நிரப்பத் தனி சிலிண்டர் வேண்டும். கீழே 25 நிமிடம் இருந்தால், உடம்பில் கரைந்த வாயு குமிழாகாதபடி நின்று நின்று மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவழியில் சூட் ஒழுகினாலும் சட்டென்று ஏற முடியாது. தடித்த கையுறையோடு, விரல் மரத்த நிலையில், காலில் சுற்றிய வலையை அறுப்பதை நினைத்துப் பாருங்கள்.

செல்வி: அண்ணா, அதெல்லாம் பயிற்சி இல்லாதவர்களைத் தடுக்கச் சொல்லும் காரணம். டைவே கூடாது என்பதற்கு அல்ல. உள்ளே நுழையாமல், எதையும் எடுக்காமல், படம் மட்டும் எடுத்து வருபவர்களை ஏன் தடுக்க வேண்டும்?

கடற்காகம்: குடும்பத்தார் கேட்டால் போகட்டும், மறுக்கவில்லை. அவர்கள் கேட்காமல், டைவ்களைக் குறித்து வைக்கும் லாக் புத்தகத்தில் ஒரு வரி ஏற்றுவதற்காகப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

செல்வி: அந்தச் சுக்கான் படம் இல்லாமல், என்ன கேட்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?