'லா பெல் இண்டிஃபரன்ஸ்': 'அழகிய அலட்சியம்' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

திடீரெனக் கால் செயலிழந்தோ பார்வை மங்கியோ வந்த நோயாளி, அதைப் பற்றிச் சற்றும் பதறாமல், மதியச் சாப்பாட்டைக் குறித்து இயல்பாக விசாரித்துக்கொண்டிருக்கும் நிலையைச் சுட்டும் 'லா பெல் இண்டிஃபரன்ஸ்' என்ற பிரெஞ்சு மருத்துவத் தொடருக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'அழகிய அலட்சியம்' என்ற பரிந்துரை வந்துள்ளது. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் அலட்சியம் ஒரு பழிச்சொல். 'நோயாளியின் அலட்சியம்' என்று குறிப்பேட்டில் எழுதினால், மாத்திரையை ஒழுங்காக விழுங்காதவர் என்றே படிப்பவர் எண்ணுவார். அசட்டை, மெத்தனம், உதாசீனம் ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. கலங்காமை, பற்றின்மை என்றாலோ நோயாளி துறவியாகிவிடுவார்.

'அலட்டிக்கொள்ளாமை' எனக்குப் பிடித்த சொல். தமிழ்நாட்டு வழக்கில் அதில் பழி ஒட்டுவதில்லை. எனினும் இலங்கைத் தமிழில் அலட்டுவது என்பது வீணாகப் பிதற்றுவதைக் குறிப்பதால், இரு நாட்டு மாணவருக்கும் பொதுவான கலைச்சொல்லாக அது நிற்காது. பரிமேலழகர் பகைக்கும் நட்புக்கும் இடையில் வைக்கும் 'நொதுமல்' அழகிய பழஞ்சொல்தான்; ஆனால் அது பிறர்பால் கொள்ளும் அயன்மையே தவிர, தன் உடலுக்கு நேர்ந்ததன்பால் கொள்வதன்று.

ஆகவே 'பொருந்தா அமைதி' என்பதை முன்வைக்கிறேன். பெருந்திணையைப் 'பொருந்தாக் காமம்' என்று சொல்லிப் பழகிய மொழிக்கு இவ்வமைப்பு அந்நியமன்று. நோயின் கடுமைக்கும் முகத்தில் தெரியும் அமைதிக்கும் உள்ள பொருத்தமின்மையே இக்கருத்தின் உயிர்நாடி என்பதால், பெயரெச்சம் இங்கே அலங்காரமாக அமையாமல் வரையறையாகவே நிற்கிறது. (அமைதி என்பதற்கே பொருத்தம் என்ற பொருளும் உண்டே என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கலாம், நோயாளியின் படுக்கையருகே அக்குழப்பம் எழாது.)

இன்னொரு காரணமும் உண்டு. முன்பு இதை, உறுப்புச் சிதைவு ஏதுமின்றி உள்ளக் காரணத்தால் உடற்குறிகள் தோன்றுவதாகக் கருதப்பட்ட ஹிஸ்டீரியாவின் அடையாளமாகவே கொண்டனர். ஆனால் 2006இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பில், அவ்வகை நோயாளிகளிடம் இந்நிலை 21 விழுக்காடும், உறுப்புச் சிதைவால் நோயுற்றோரிடம் 29 விழுக்காடும் காணப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும் இதை வைத்து நோயை நிர்ணயிக்கலாகாது என்கிறது. எனவே கண்டதை மட்டும் சொல்லி, காரணத்தைச் சொல்லாத பெயரே நமக்குத் தேவை.

'இடக்கால் அசைவற்றுள்ளது, பொருந்தா அமைதி காணப்படுகிறது' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. சேர்த்தெழுதினால் 'பொருந்தாவமைதி' என்று வாசிப்பைத் தடுக்கும், பிரித்தே எழுதுவோம்.