விளையாட்டு முத்திரை விழுந்த உறைகளுக்கு எப்படி மதிப்புப் போடுவது?

காகிதக்கப்பல்:

வணக்கம். சித்தப்பா விட்டுச்சென்ற அஞ்சல்தலைச் சேகரிப்பு ஒரு மாதமாக என் மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறது. மனிதருக்கு விளையாட்டு என்றால் உயிர். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை என்பது வேறு விஷயம். மூன்று ஆல்பங்களை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு ஓரளவு முடித்துவிட்டேன். சிக்கல் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அதில் இருநூற்றுச் சொச்சம் உறைகள். ஒலிம்பிக் வளையம், கால்பந்து, குதிரை என்று விதவிதமான அஞ்சல் முத்திரைகள். விலைப்பட்டியலில் முத்திரை படாத தலைக்கு ஒரு விலை, முத்திரை விழுந்ததற்கு ஒரு விலை, அவ்வளவுதான். எந்த ஊர், என்ன தேதி என்பதை அது கண்டுகொள்வதே இல்லை. முத்திரை விழுந்தாலே மதிப்புக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, நேற்று பதினொரு உறைகளின் மூலையை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலைகளைப் பிரித்தெடுத்தேன். மீதியையும் அப்படியே செய்துவிடலாமா?

வட்டத்தேதி:

வேண்டாம்! கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். காரணத்தைப் பெரியவர் வந்து சொல்வார். முதலில் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

முத்திரைப்பித்தன்:

பெரியவர் வந்துவிட்டேன். தம்பியோ தங்கையோ தெரியவில்லை, பதினொன்றோடு நின்றதே பெரிய காரியம். நான் நாற்பதாவது உறையில்தான் நின்றேன். இருபது வயதில் ஒருவர் கொடுத்த கட்டு உறைகளை ஒரே மாலையில் ஊறவைத்துவிட்டு, சுத்தமான தலைகள் கிடைத்தன என்று மகிழ்ந்தவன் நான். அவற்றில் 1948 லண்டன் ஒலிம்பிக் சமயத்து இயந்திர முத்திரை கொண்ட உறைகளும் இருந்தன. அந்த வகை முத்திரையில் ஊரும் தேதியும் உள்ள வட்டம் ஒரு பக்கம், ஐந்து வளையங்களும் போட்டி நடந்த வெம்பிளியின் பெயரும் மறுபக்கம் என்று நீளமாக விழும். தலையை மட்டும் எடுத்தால் கையில் மிஞ்சுவது சில கோடுகள். வட்டம் குப்பைக்குப் போய்விடும். என் நாற்பது தலைகளும் இன்றும் இருக்கின்றன. எந்த ஊரில், எந்த நாளில் குத்தியவை என்று என்னால் சொல்ல முடியாது.

விலைப்பட்டியலில் ‘முத்திரை விழுந்தது’ என்ற பத்தி எதையாவது குத்திய சாதாரணத் தலைக்கானது. விளையாட்டு முத்திரையைச் சேகரிப்பவருக்குத் தலை இரண்டாம்பட்சம். நான் ஓர் உறையைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது, போட்டி நடந்த இடத்தில், நடந்த நாளில் குத்தியதா என்பதை. 1936 பெர்லின் விளையாட்டுகளுக்கு அரங்கம், வீரர்கள் தங்கிய கிராமம் என்று தனித்தனி முத்திரைகள் இருந்தன. ஒரே இடத்து முத்திரையிலும் அடையாள எழுத்துகள் மாறும். பொதுவானதையும் அபூர்வமானதையும் பிரிப்பது சில நேரம் அந்த ஓர் எழுத்துதான். தேதியும் அப்படியே. 1972 மியூனிக் ஒலிம்பிக் உறை என்றால் எல்லாரிடமும் இருக்கும். செப்டம்பர் 5 என்று தேதி விழுந்த உறையை எடுக்கும்போது, இஸ்ரேல் வீரர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிபட்ட நாள் அது என்று தெரிந்தவனுக்குக் கை சற்று நின்றுவிடும்.

அடுத்து, அந்தக் கடிதம் ஏன் போனது என்று பார்ப்பேன். நான்கு தலை கொண்ட முழுத் தொகுதியையும் ஒரே உறையில் ஒட்டி, முகவரியைப் பென்சிலில் எழுதி, மூடியை ஒட்டாமலே வைத்திருந்தால் அது சேகரிப்பாளர் தனக்குத்தானே தயாரித்துக்கொண்டது. தவறில்லை, ஆனால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். சரியான கட்டணத்துக்கு ஒரே ஒரு சாதாரணத் தலை ஒட்டி, யாரோ ஒருவர் அத்தைக்கு எழுதிய கடிதத்தில் அதே முத்திரை விழுந்து, பின்பக்கம் கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையும் இருந்தால், அழுக்காக இருந்தாலும் அதைத்தான் நான் எடுப்பேன்.

பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

காகிதக்கப்பல்:

தங்கைதான், ஐயா. தண்ணீரைக் கொட்டிவிட்டேன். குழப்பமானவற்றை மட்டும் சொல்கிறேன். 1896 கிரேக்கத் தலை ஒன்று, முத்திரையில் மார்ச் 25. ஆனால் முதல் ஒலிம்பிக் தொடங்கியது ஏப்ரல் 6 என்று படித்தேன். போலியா? அடுத்து, ஸ்டாக்ஹோம் முத்திரையோடு குதிரைப் படம் போட்ட 1956 ஜூன் உறைகள் நான்கு. அந்த ஆண்டு ஒலிம்பிக் மெல்பர்னில் அல்லவா நடந்தது? மூன்றாவது, 1966 உலகக் கோப்பைத் தலை. ‘இங்கிலாந்து வின்னர்ஸ்’ என்ற சொற்களோடு, இறுதிப்போட்டி நாளான ஜூலை 30 முத்திரையும் இருக்கிறது. இதுதான் பெட்டியிலேயே உயர்ந்தது என்று சித்தப்பாவிடம் விற்றவர் ஒரு சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறார். கடைசியாக ஒரு கட்டு நிறைய வண்ண வண்ணத் தலைகள். எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது, பின்னால் பசையும் அப்படியே இருக்கிறது!

முத்திரைப்பித்தன்:

உங்கள் சித்தப்பாவை எனக்குப் பிடித்துவிட்டது.

கிரேக்கத் தலையின் தேதி சரியானதே. கிரேக்கம் 1923 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள். அவர்களுடைய மார்ச் 25தான் நமக்கு ஏப்ரல் 6. தலைகள் வெளியானதும் அன்றுதான். அதாவது போட்டி தொடங்கிய நாளும் தலை வெளியான நாளும் ஒரே வட்டத்துக்குள். முத்திரை உண்மையானதுதானா என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். இதை மட்டும் தேர்ந்தவர் ஒருவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள்.

ஸ்டாக்ஹோம் உறைகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஆஸ்திரேலியாவின் விலங்குத் தடுப்புக் காவல் விதிகளால் குதிரைகளை அங்கே கொண்டுபோக முடியவில்லை. அதனால் 1956 குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் நடந்தன. ஒலிம்பிக் என்றால் மெல்பர்ன் என்று தேடுகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் இப்படிச் சில உறைகளைப் பிடித்திருக்கிறேன், எப்படி என்று கேட்காதீர்கள்.

1966 தலைக்கு வருகிறேன். இங்கிலாந்து ஜெயித்தது ஜூலை 30 மாலையில். ‘வின்னர்ஸ்’ என்று சேர்த்து அச்சிட்ட தலை வெளியானது ஆகஸ்ட் 18 அன்று. ஜூலை 30 முத்திரை அதன் மேல் எப்படி விழும்? ஒன்று, பின்னாளில் தேதியை மாற்றிக் குத்தியிருக்க வேண்டும். அல்லது வேறு தலையைப் பிரித்துவிட்டு இதை ஒட்டியிருக்க வேண்டும். முத்திரைக் கோடு தலையிலிருந்து உறைக்கு முறியாமல் ஓடுகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஓரத்தில் கோடு நின்றுபோயிருந்தால் பின்னால் ஒட்டியது. விற்றவரின் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், நல்ல நகைச்சுவை.

பசையோடு இருக்கும் கட்டு நாங்கள் ‘சிடிஓ’ என்று சொல்வது. கடிதத்தில் ஒட்டாமலே, தாள் தாளாக முத்திரையிட்டு மொத்தமாக விற்றது. நான்கு தலைகள் சேரும் இடத்தில் ஒரு குத்து. அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் கால்வட்டம் அழகாக இருக்கும். அஜ்மான், புஜைரா போன்ற வளைகுடா அமீரகங்களின் பெயரில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ஒலிம்பிக் தொகுதிகள் ஏராளம். உங்கள் கட்டில் அவைதான் அதிகமாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுங்கள், மகிழ்ச்சியாக ஒட்டுவார்கள்.

காட்சிச்சட்டம்:

பித்தர் சொல்வதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். சேகரிப்பாளர் தயாரித்த உறைகளை அவர் ஒரேயடியாக ஒதுக்குவதை மட்டும் ஏற்க மாட்டேன். 1944இல் வோல்டன்பெர்க், குரோஸ் போர்ன் என்ற ஜெர்மானிய முகாம்களில் இருந்த போலந்துப் போர்க்கைதி அதிகாரிகள் தாங்களே ஓர் ஒலிம்பிக் நடத்தினார்கள். முகாமுக்குள் ஓடிய அவர்களுடைய அஞ்சல் சேவை அதற்காகத் தலையும் முத்திரையும் செய்தது. அவற்றில் பல அந்த முகாமிலேயே நினைவுக்காகக் குத்தி வைத்துக்கொண்டவை. அவற்றை ‘அத்தைக்கு எழுதிய கடிதம் இல்லை’ என்று யார் ஒதுக்குவார்?

கண்காட்சிக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. ஒரே கருப்பொருளில் சேர்த்தவற்றுக்கான பிரிவில் நூறு மதிப்பெண்ணில் அபூர்வத்துக்கு 20, பொருள் கெடாமல் இருக்கும் நிலைக்கு 10, அடுக்கும் அழகுக்கு வெறும் 5. முத்திரை மங்கலாக இருந்தாலும் ஊரும் தேதியும் படிக்க முடிந்தால் வையுங்கள். மங்கிய இடத்தைப் பேனாவால் தொட்டுத் தெளிவாக்க மட்டும் முயலாதீர்கள்.

முத்திரைப்பித்தன்:

முகாம் அஞ்சலைக் கொண்டுவந்து என்னை மடக்கிவிட்டார். சரி, ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மட்டும்.

காகிதக்கப்பல்:

உருப்பெருக்கியில் பார்த்தேன். 1966 தலையின் ஓரத்தில் கோடு சட்டென்று நின்றுவிடுகிறது. உறையில் அதன் தொடர்ச்சி அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பாவம் சித்தப்பா.

இன்னொரு செய்தி. வெட்டிய பதினொரு உறைகளும் குப்பைக்கூடையில்தான் கிடந்தன. ஒன்பதை எடுத்துவிட்டேன். ஒன்றில் இரண்டரை வளையம் உறையில், இரண்டரை தலையில். பசையால் சேர்த்துவிடட்டுமா?

முத்திரைப்பித்தன்:

ஐயோ, வேண்டாம். ஒட்டினால் நாளை இன்னொருவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து உங்களை அந்த 1966 ஆளோடு சேர்த்துவிடுவார். இரண்டு துண்டையும் ஒரே ஒளிபுகும் உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெட்டியது நீங்கள், இந்தத் தேதியில் என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கூடவே போடுங்கள். காணாத இரண்டு உறைகளையும் தேடுங்கள், கூடையைக் காலி செய்துவிடவில்லையே?