எம்ஜி டிடி 25 நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது: பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (சத்துவாச்சாரி):
பெரியப்பா வைத்திருந்த 1952 எம்ஜி டிடி, அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இப்போது என்னிடம் இருக்கிறது. 1250 சிசி இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். ஆம்பூர் ரோட்டில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி நெருங்கும்போது இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் பெட்ரோல் பம்ப் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. நிழலில் 15 நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாயிற்று. புது எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். வண்டியோடு வந்த அசல் எஸ்யூ பம்ப்பும் எலக்ட்ரிக்தான், அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (ராணிப்பேட்டை):
சூடானதும் நிற்கிறது என்றால், தீப்பொறிக்குக் கரண்ட் தரும் காயில், கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். அடுத்த முறை நின்றதும் ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் கோளாறு கரண்டில். காலியாக இருந்தால் பெட்ரோல் வரும் வழியில்.

கேள்வி கேட்டவர்:
நேற்று பார்த்தேன் அண்ணா. இரண்டுமே கிட்டத்தட்ட காலி.

பதில் (காட்பாடி):
தம்பி, பம்ப்பைக் கழற்றாதீர்கள். அதன் சத்தமே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் எஸ்யூ பம்ப் அடிப்பதை நிறுத்த வேண்டும், பெட்ரோல் குறையக் குறைய ஒவ்வொரு அடியாக அடிக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பம்ப்புக்குள் கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் கருகியிருக்கலாம். பம்ப் சூடாகி மெதுவாகத் திணறினால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. உங்களுடையது போல நிற்காமல் படபடத்தால், பெரும்பாலும் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது.

டிடியில் டேங்க் பின்னால், பம்ப் முன்னால் இன்ஜின் அறையின் பின்சுவரில். வண்டி நீளம் முழுக்க உறிஞ்சியே இழுக்க வேண்டும். அந்தப் பாதையில் கீறல் இருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் ஊர் மே மாத வெயிலில் ரப்பர் இளகும். உறிஞ்சப்படும் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகவும் ஆகும்.

முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டுங்கள். அப்போது நிற்கவில்லை என்றால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அதில் மாற்றம் இல்லையென்றால், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் நுனி ஒரு தகர டப்பாவில் உள்ள பெட்ரோலுக்குள் மூழ்கும்படி வைத்துச் சாவியைப் போடுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டராவது வர வேண்டும். குமிழி வந்துகொண்டே இருந்தால் காற்று புகுகிறது. இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

அப்புறம், கண்ட பம்ப்பையும் போட்டுவிடாதீர்கள். இந்த எஸ்யூ சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும். அதைவிடப் பல மடங்கு அழுத்தம் தரும் பம்ப் வந்தால், ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வு தாங்காது, பெட்ரோல் வழியும். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். வழிந்தால் எங்கே விழும் என்று யோசியுங்கள். வண்டி போவது இருக்கட்டும், உள்ளே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மூடியைத் தளர்த்தியும் நின்றது. டப்பாவில் குமிழி கொப்பளித்து வந்தது. டேங்கிலிருந்து பம்ப் வரை தடவிக்கொண்டே வந்தேன். சேசிஸ் ஓரத்தில், எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில், யாரோ எப்போதோ ஒட்டுப்போட்ட ஒரு சாண் ரப்பர் ஹோஸ் இருந்தது. மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பைக் கழற்றியதும் அடியில் முடிபோல வெடிப்பு. அறுத்துப் பார்த்தால் உள்சுவர் ஊறி உப்பியிருந்தது.

பதில் (காட்பாடி):
அதேதான். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஒத்துவராது. முடிந்த வரை உலோகக் குழாயே போடுங்கள், எக்ஸாஸ்டை விட்டுத் தள்ளி. ரப்பர் வேண்டிய இடத்தில் எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மாற்றிவிட்டேன் அண்ணா. ஞாயிறு காலை ஆம்பூர் போய்த் திரும்பினேன், எங்கும் நிற்கவில்லை. சாவி போட்டதும் பம்ப் கொஞ்சம் அடித்துவிட்டு அமைதியாகிவிடுகிறது. அடுத்து ஏலகிரி ஏறலாமா?

பதில் (காட்பாடி):
பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸையும் மாற்றிவிட்டு ஏறுங்கள். அதுவும் அதே வயசுதான்.