ஆரல்வாய்மொழிக்குப் போன சாம்பார்

குழு: ஆச்சி வீடு

புதன்கிழமை

ஆரல் சித்தி, இரவு 8:10
ஞாயிற்றுக்கிழமை பால்காய்ச்சுக்கு எல்லோரும் காலை ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். மதியச் சாப்பாடு 120 பேருக்கு. ஒரே ஒரு சங்கடம். புது வீட்டுப் பின்பக்கம் முழுக்க ஜல்லியும் மணலும் கிடக்கிறது. பந்தல் போட்டுச் சமைக்க இடமில்லை. உள்ளே ஒரு கேஸ் அடுப்பு மட்டும் உண்டு.

தக்கலை மாமா, 8:14
அதற்கென்ன பிள்ளே, நம்ம வீட்டு முற்றத்தில் சமைத்துக் கொண்டுவந்துவிடலாம். சமைக்கிற தவசிப்பிள்ளை பக்கத்துத் தெருதான். முப்பது கிலோமீட்டர் ஒரு தூரமா?

வடசேரி மைனி, 8:16
தூரம் இல்லை மாமா. ஆனால் ஆவணி ஞாயிறு, முகூர்த்த நாள். தக்கலையிலிருந்து பார்வதிபுரம் வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் வடசேரி, ஒழுகினசேரி. ஒன்றரை மணி நேரம் கணக்கு வையுங்கள்.

நான், 8:17
போன ஐப்பசியில் பெரியப்பா பதினாறுக்கு வந்த சாம்பார் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

குளச்சல் அண்ணன், 8:17
மூடியைத் திறந்ததும் நுரை தள்ளிக்கொண்டு நின்றதே, அதுதானே. ஞாபகம் இல்லாமலா.

ஆரல் சித்தி, 8:19
ஐயோ, அதை இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்குக் கடைக்காரர் ஹாட் பாக்ஸில்தானே கொண்டுவந்தார்? அதுவே கெட்டுப்போனால் நாம் என்ன செய்ய?

வடசேரி மைனி, 8:27
சித்தி, ஹாட் பாக்ஸ் எதையும் சூடாக்காது. அதற்கு அந்தப் பெயர் வைத்தவரைத்தான் சொல்லவேண்டும். இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே நுரைப்பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே என்ன சூடு போகிறதோ அதை மெதுவாக வெளியே விடும். அன்றைக்கு நான் அவர்கள் ஊற்றுகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்பார் வாளியை வெறும் கையால் பிடித்துச் சரித்தார் அந்தப் பையன். வாளியைத் தொட முடிகிறது என்றால் உள்ளே என்ன சூடு இருந்திருக்கும்? அதுவும் பாதிப் பெட்டிதான் நிறைந்தது. மிச்சம் வெறும் காற்று. வெதுவெதுப்பாகப் போய், வெதுவெதுப்பாகவே மூன்று மணி நேரம் இருந்தது. பெட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

தக்கலை மாமா, 8:31
சரி சரி, டீச்சர் பாடம் எடுத்தாச்சு. நான் கேட்கிறேன், அங்கேதான் அடுப்பு இருக்கிறதே. போனதும் ஒரு கொதி விட்டுவிட்டால் தீர்ந்தது. எதற்கு இத்தனை யோசனை?

ஆசாரிப்பள்ளம் அக்கா, 8:52
டூட்டியில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். மாமா, சாம்பாரைக் கொதிக்க வைக்கலாம். 14 கிலோ அரிசிச் சோற்றை எப்படிக் கொதிக்க வைப்பீர்கள்? சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து, அரிசி கொதிக்கும்போதும் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் விஷங்களில் ஒன்று, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கிறது அதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இரண்டே கணக்கு: பரிமாறுகிற வரை 60 டிகிரிக்கு மேலே இருக்கவேண்டும், சமைத்த சாப்பாடு வெளியில் சும்மா இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது.

தக்கலை மாமா, 8:55
சோற்றில் விஷமா. நாம் பழையது குடித்து வளர்ந்த ஆட்கள் மக்ளே.

ஆசாரிப்பள்ளம் அக்கா, 8:56
பழையதைத் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கிறோம் மாமா, அது வேறே. நான் வார்டில் பார்க்கிறதை உங்களுக்குச் சொல்ல முடியாது. சாப்பிடுகிற நேரம்.

வியாழக்கிழமை

பெங்களூர் தம்பி, காலை 7:40
எல்லோரும் ஏன் பழைய காலத்திலேயே இருக்கிறீர்கள்? காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற ஃபுட் வார்மர் ஆன்லைனில் கிடைக்கிறது. நான் இங்கே ஆபீஸுக்கு அதில்தான் சாப்பாடு கொண்டு போகிறேன். நாலைந்து வாங்கி அனுப்பவா?

வடசேரி மைனி, 7:58
உன் டிபன் பாக்ஸுக்கு அது நல்ல சாமான்தான் தம்பி. 120 பேர் சாம்பாருக்குக் கணக்குப் போட்டுப் பார். 12 வோல்ட், 10 ஆம்பியர் எடுத்தால் 120 வாட். 100 வாட் என்றே வைத்துக்கொள். ஒரு மணி நேரத்தில் அது தருவது 360 கிலோஜூல். 25 லிட்டர் சாம்பாரை அது மூன்றரை டிகிரிகூட ஏற்றாது. நாலைந்தையும் ஒரே ஓட்டையில் செருகினால் ஃப்யூஸ்தான் போகும்.

பெங்களூர் தம்பி, 7:59
சரி மைனி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தக்கலை மாமா, 8:20
வண்டிக்குள் ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டு, அதன்மேல் அண்டாவை வைத்தால்?

ஆசாரிப்பள்ளம் அக்கா, 8:20
மாமா!!!

ஆசாரிப்பள்ளம் அக்கா, 8:21
மூடின வண்டியில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாடையே தெரியாது. டிரைவருக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொண்டு போகலாம் என்று அடுத்த யோசனை வரும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அதுவும் கூடாது.

தக்கலை மாமா, 8:24
அதைத்தான் அடுத்துச் சொல்ல இருந்தேன். விடு.

குளச்சல் அண்ணன், 8:45
நான் வேலை பார்க்கிறது ஐஸ் கம்பெனி என்பது எல்லோருக்கும் மறந்துபோச்சு போல. ஐஸ் உருகாமல் இருக்க என்ன செய்கிறோமோ அதையேதான் சூடு போகாமல் இருக்கவும் செய்யவேண்டும். தெர்மகோல் பெட்டி வேண்டிய மட்டும் கொண்டு வருகிறேன்.

ஆரல் சித்தி, 8:47
மீன் பெட்டியா? பால்காய்ச்சுக்கா?

குளச்சல் அண்ணன், 8:48
புதுப் பெட்டி சித்தி, மீன் கண்ணிலேயே படாத பெட்டி. ஒன்று மட்டும். கொதிக்கிற பாத்திரத்தை நேரடியாகத் தெர்மகோல்மேல் வைத்தால் சுருங்கி ஓட்டை விழும். அடியில் பலகை, சுற்றிச் சாக்கு, அதற்கு வெளியேதான் தெர்மகோல்.

நான், 9:05
ஆச்சி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், நாலு நிமிஷம். கேட்க முடியாதவர்களுக்காக அவள் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன்:

"உங்க பாட்டா காலத்தில் பூதப்பாண்டியில் வயல். கன்னிப்பூ அறுப்புக்கு இருபது முப்பது ஆள் நிற்பார்கள். விடியற்காலம் சோறு பொங்கி, சுங்கான்கடைப் பானையில் போட்டு, ஓலைக் கடவப்பெட்டிக்குள் காய்ந்த வைக்கோலைத் திணித்து, நடுவில் குழி பண்ணிப் பானையை இறக்குவேன். மேலேயும் வைக்கோல், அதற்குமேல் சாக்கு. மாட்டு வண்டி ஆடி அசைந்து வயலுக்குப் போய்ச் சேர நேரமாகும். மூடியைத் திறந்தால் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி மூடிப்போகும். ஆனால் வைக்கோல் நல்லா காய்ந்திருக்கவேண்டும். புது வைக்கோல் ஈரம், அது சூட்டைக் குடித்துவிடும். அப்புறம் வழியில் எவனும் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. உங்க மாமன் சின்ன வயசில் திறந்து திறந்து பார்ப்பான்."

தக்கலை மாமா, 9:07
அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

வடசேரி மைனி, 9:20
ஆச்சிக்கு நூற்றுக்கு நூறு. திறந்த பாத்திரத்தில் சூட்டைத் திருடுகிறது பெரும்பாலும் ஆவிதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் 2,260 கிலோஜூல் அதோடு போய்விடும். 25 லிட்டர் சாம்பார் கிட்டத்தட்ட இருபது டிகிரி இறங்க அது போதும். அதனால் மூடிதான் முதல் வேலை. பாத்திரம் பெரிதாக இருப்பதும் நல்லது. உயரமும் அகலமும் இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்கு, ஆனால் சூடு வெளியேறுகிற மேற்பரப்பு நாலு மடங்குதான். சாம்பாரை நாலு சின்னத் தூக்கில் பிரிக்காமல் ஒரே அண்டாவில் கொண்டு போகவேண்டும். ரசத்துக்குத்தான் எனக்குப் பயம், அது கொஞ்சம்தான்.

நான், 9:24
பெரிய அண்டாவை நிறைய ஊற்றினால் ரோட்டில் குலுங்கித் தளும்பாதா?

தக்கலை மாமா, 9:30
வாயிலிருந்து நாலு விரல் இறக்கம் விடு. வாழையிலையை அனலில் வாட்டி மேலே போர்த்து, அதன்மேல் மூடி, மூடிக்கு மேலே சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டு. எத்தனை கல்யாணத்துக்கு இப்படிக் கொண்டு போயிருக்கிறேன். இதிலாவது நான் சொல்வதைக் கேளுங்கள்.

வடசேரி மைனி, 9:31
இதில் மறுபேச்சே இல்லை மாமா.

வெள்ளிக்கிழமை

ஆரல் சித்தி, மாலை 6:15
வண்டி? குட்டியானை சொல்லிவிடவா?

நான், 6:18
திறந்த வண்டி வேண்டாம் சித்தி. தோவாளை தாண்டினதும் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? முப்பந்தலில் அத்தனை காற்றாடி சும்மாவா சுற்றுகிறது. அண்டாவுக்கு விசிறி வீசினது போல ஆகிவிடும்.

தக்கலை மாமா, 6:25
எதிர்வீட்டுப் பையனிடம் மூடின வேன் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றித் தருவான். ஏசி போடக்கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆசாரிப்பள்ளம் அக்கா, 6:40
எல்லாவற்றையும் சூடாகக் கொண்டுபோக வேண்டும் என்றும் இல்லை. அவியலை என்ன செய்யப் போகிறீர்கள்? தேங்காயும் தயிரும் சேர்ந்தது. சூட்டில் மூடி வைத்தால் முதலில் கெடுவது அதுதான்.

தக்கலை மாமா, 6:52
தவசிப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். அவியலுக்குக் காயை மட்டும் வேகவைத்துச் சூடாக எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் அரைப்பும் தயிரும் ஐஸ் பெட்டியில் தனியாக. அங்கே இருக்கிற ஒரு அடுப்பில் கூட்டி, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு இறக்க இருபது நிமிஷம். புளிசேரியும் அப்படித்தான், கூட்டின பிறகு சூட்டில் மூடி வைத்தால் திரிந்துபோகும். பப்படம் அங்கேதான் பொரிக்கவேண்டும். இஞ்சிக்கறி, வத்தல், உப்பேரி, போளி இதெல்லாம் ஆறினாலும் ஒன்றுமில்லை. வடை கடவத்தில், மேலே மெல்லிய துணி. ஹாட் பாக்ஸில் வடையை அடைத்தால் சொதசொதவென்று ஆகிவிடும்.

குளச்சல் அண்ணன், 6:55
ஐஸ் பெட்டி என் பொறுப்பு. சூட்டுப் பெட்டி ஒரு பக்கம், ஐஸ் பெட்டி எதிர்ப்பக்கம். கலந்து வைத்து இரண்டையும் கெடுத்துவிடாதீர்கள்.

நான், 7:02
சோறு? மூடின பெட்டிக்குள் அது மேலும் வெந்து குழைந்துபோகாதா?

தக்கலை மாமா, 7:06
ஒரு பதம் முந்தியே வடிக்கச் சொல்லியிருக்கிறேன். வடித்து, ஆவி அடங்கும் முன்னே பெட்டியில் தட்டிவிடவேண்டும், அமுக்கக்கூடாது. மூடிக்கு அடியில் ஒரு துண்டு விரித்தால் ஆவி திரும்பச் சோற்றில் சொட்டாது.

வடசேரி மைனி, 7:10
ஹாட் பாக்ஸ்கள் வாடகைக்குச் சொல்லியாச்சு. சாப்பாடு போடுமுன் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வையுங்கள், கொட்டிவிட்டு உடனே நிரப்புங்கள். இல்லையென்றால் சூடேறாத பெட்டி முதலில் சாப்பாட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்காக வாங்கின குத்துகிற தெர்மாமீட்டரையும் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

தக்கலை மாமா, காலை 9:28
வண்டி கிளம்பியாச்சு. சாம்பார் 95. ரசம் 94. சோறு நடுவில் குத்தினால் 91. அண்டாவைச் சுற்றிச் சாக்கு, அதற்கு வெளியே அம்மா சொன்ன வைக்கோல், தெர்மகோல். பார்த்தால் பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கிறது.

குளச்சல் அண்ணன், 10:04
நான் வண்டியில்தான் இருக்கிறேன். பார்வதிபுரம் பாலத்துக்கு முன்னால் நிற்கிறோம். மாமா இரண்டு தடவை மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

தக்கலை மாமா, 10:05
தொட்டேன். திறக்கவில்லை.

குளச்சல் அண்ணன், 10:41
தோவாளை. பூச்சந்தை நெரிசல் குறைந்துவிட்டது. வண்டி ஒரு பக்கமாக அசைகிறது, அப்படி ஒரு காற்று. குட்டியானை சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போச்சு.

ஆரல் சித்தி, 10:58
வந்தாச்சு! சாம்பார் 89. ரசம் 85. சோறு 84.

வடசேரி மைனி, 10:59
ரசத்தின் மூடியைத் திறக்காதீர்கள்.

ஆரல் சித்தி, 12:20
முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. சாம்பார் ஊற்றும்போது 83. ரசம் 77. ஆச்சியின் கண்ணாடி மூடிப்போச்சு, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவியல் இப்போதுதான் இறக்கியது, எண்ணெய் வாசம் தெரு வரை. எல்லாம் சரி. பப்படம் எங்கே?

குளச்சல் அண்ணன், 12:21
வண்டியில் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

ஆரல் சித்தி, 12:22
அண்ணே?

தக்கலை மாமா, 12:25
நமுத்துவிடக்கூடாது என்று காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

வடசேரி மைனி, 12:25
எங்கே மாமா?

தக்கலை மாமா, 12:27
தக்கலையில். அலமாரிக்கு மேலே.

ஆரல் சித்தி, 12:28
கடைக்கு ஆள் விட்டாச்சு. இரண்டாம் பந்திக்காரர்களுக்குத்தான் இன்றைக்குப் பப்படம்.