கார்த்தி வீட்டுச் சைடிங்: நம்ம குடும்பம் குழு

வெள்ளி

கார்த்தி (எடிசன், நியூ ஜெர்சி): எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வெளிச்சுவர் சைடிங் (சுவரின் மேல் அடிக்கும் பட்டைகள்) மாற்ற மூன்று கொட்டேஷன் வந்துவிட்டது. முதல் ஆள் 17,800 டாலர், வினைல், அதாவது பிளாஸ்டிக் பட்டை. இரண்டாவது 24,600, அதுவும் வினைல்தான். மூன்றாவது ஃபைபர் சிமென்ட் (நாரும் சிமென்டும் கலந்த பலகை), 41,000. கையில் இருப்பது 30,000. எதை எடுப்பது என்று நீங்கள் எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

சுதா அக்கா (டாலஸ்): ஒரே வினைலுக்கு ஏழாயிரம் வித்தியாசமா?

ரவி மாமா (பிஸ்காட்டவே): தொகையை விடு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

கார்த்தி: முதல் ஆள் ஒரே வரி, "வீடு முழுவதும் புது வினைல் சைடிங்", கீழே விற்பனை வரி, அவ்வளவுதான். இரண்டாவது ஆள் பழையதைக் கழற்றுவது, ஹவுஸ் ராப் (சைடிங்குக்குப் பின்னால் சுவரைச் சுற்றி ஒட்டும் நீர்த்தடுப்பு உறை), ஜன்னலைச் சுற்றி ஃப்ளாஷிங் டேப் (தண்ணீர் உள்ளே போகாமல் ஒட்டும் பட்டி), சோஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பகுதி), ஃபேஸியா (கூரை விளிம்பின் முன்பலகை), குப்பைத் தொட்டி வாடகை எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறார். சைடிங்குக்குப் பின்னால் இருக்கும் பிளைவுட் பலகை இற்றுப்போயிருந்தால் "கூடுதல் கட்டணம்" என்று ஒரு வரி இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை.

பெரியப்பா (திருச்சி): அந்த ஒரு வரியில்தான் உன் பணம் போகும். சுவர் எத்தனை சதுர அடி?

கார்த்தி: மூன்றாவது ஆள் 31 ஸ்கொயர் என்கிறார் பெரியப்பா. இங்கே ஒரு ஸ்கொயர் என்றால் 100 சதுர அடி. மற்ற இரண்டு பேரும் அளவே எழுதவில்லை.

பெரியப்பா: அளவில்லாமல் மூன்று தொகையை எப்படி ஒப்பிடுவாய்? பி.டபிள்யூ.டி.யில் மெஷர்மென்ட் புக்கில் ஏறாத வேலைக்குப் பில் கிடையாது. நாளைக் காலை டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போ. நீளம், அகலம், உயரம், முக்கோணச் சுவர், ஜன்னல், கதவு எல்லாம் எழுதி அனுப்பு.

வித்யா (எடிசன்): பெரியப்பா, அதைவிட எனக்குக் கவலை சமையலறை ஜன்னல்தான். போன மாதக் காற்றில் அதன் கீழே ஒரு பட்டை கழன்று தொங்கியது. இவர் அதை உருவிப் பார்த்தார். உள்ளே கறுப்புக் காகிதம் கிழிந்து தொங்குகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினாலே கால் அங்குலம் உள்ளே போகிறது. கையில் ஈரத் தூள் ஒட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ரவி மாமா: ஜன்னலுக்கு மேலே ஃப்ளாஷிங், அதாவது தண்ணீரை வெளியே திருப்பும் தகடு, போட்டிருக்க மாட்டார்கள். வினைல் தண்ணீரை முழுக்கத் தடுக்காது வித்யா, கொஞ்சம் தண்ணீர் பின்னால் போகத்தான் செய்யும். போன தண்ணீரை வெளியே இறக்கிவிடுவது ஹவுஸ் ராப்பும் ஃப்ளாஷிங்கும்தான். முதல் ஆள் கொட்டேஷனில் அந்த இரண்டும் இல்லை. பழைய சுவரின் மேலேயே புதுசை அடித்துவிட்டுப் போனால் அந்த ஈரம் உள்ளேயே இருக்கும். எனக்கு அந்த ஆள் வேண்டவே வேண்டாம்.

சுதா அக்கா: இன்ஷூரன்ஸில் கிடைக்காதா?

ரவி மாமா: காற்றில் பிய்ந்த பட்டைக்குக் கேட்டுப் பார்க்கலாம், அதுகூட டிடக்டிபிளுக்கு (முதலில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) உள்ளேயே அடங்கிவிடும். வருஷக்கணக்காக ஊறி இற்றதற்குப் பொதுவாகத் தரமாட்டார்கள்.

சனி

கார்த்தி: அளந்துவிட்டேன். வீடு 40க்கு 28, சுற்றளவு 136 அடி, உயரம் 18. அது 2,448. இரண்டு முக்கோணச் சுவரும் சேர்ந்து 196. மொத்தம் 2,644. ஜன்னல், கதவு, கராஜ் கதவு எல்லாம் 360. கழித்தால் 2,284 சதுர அடி.

பெரியப்பா: சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 25 ஸ்கொயர். அவர் 31 என்றது எப்படி?

கார்த்தி: ஃபோனில் கேட்டேன். ஜன்னலைக் கழிக்கவில்லை, சேதாரம் 15 சதவீதம் என்றார்.

ரவி மாமா: அதைத் தப்பென்று சொல்ல முடியாது, ஜன்னலைச் சுற்றி வெட்டும் துண்டு வீணாகும் என்பதால் நிறையப் பேர் கழிக்க மாட்டார்கள். ஆனால் தெரிந்துகொண்டு கேட்டால் இறங்கி வருவார்.

சுதா அக்கா: நான் இன்னும் ஃபைபர் சிமென்ட் பக்கம்தான். இங்கே ஆலங்கட்டி மழையில் பக்கத்து வீட்டு வினைல் ஓட்டை ஓட்டையாகப் போனது. ஃபைபர் சிமென்ட் தீப்பிடிக்காது, பறவை கொத்தாது.

கார்த்தி: ஆசைதான் அக்கா. ஆனால் கடன் வாங்க வேண்டும். அவர்கள் "18 மாதம் வட்டியில்லை" என்று ஒரு திட்டம் சொல்கிறார்கள்.

ரவி மாமா: தாளைப் படித்துப் பார். அந்த மாதிரித் திட்டம் பலவற்றில் 18 மாதத்துக்குள் முழுப் பணமும் அடையவில்லை என்றால் முதல் நாளிலிருந்து வட்டி போட்டு மொத்தமாகக் கேட்பார்கள். பிறகு ஃபைபர் சிமென்டுக்கு வருஷங்கள் கழித்துப் பெயின்ட் செலவும் உண்டு. டாலஸ் ஆலங்கட்டி வேறு, எடிசன் வேறு. இரண்டாவது ஆளிடம் நல்ல தடிமன் வினைல் கேள், 0.046 அங்குலத்துக்குக் குறையாமல்.

வித்யா: மாமா, உங்கள் வீட்டில் வேலை சரியாக நடந்ததா என்று எப்படிப் பார்த்தீர்கள்?

ரவி மாமா: அடித்த பட்டையைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பார்த்தேன். கொஞ்சம் நகர வேண்டும். வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆணியை இறுக்கி அடித்துவிட்டால் ஜூலை வெயிலில் அலை அலையாகப் புடைத்துக்கொள்ளும். ஆணி துளையின் நடுவில் இருக்க வேண்டும், தலைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வேண்டும். முதல் சுவர் முடிந்ததும் இதைப் பார்த்துவிடு, நான்கு சுவரும் முடிந்த பிறகு பார்த்துப் பயனில்லை. அப்புறம் பார்பிக்யூ அடுப்பைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், உருகிவிடும்.

கார்த்தி: சரி மாமா. வரி?

ரவி மாமா: நியூ ஜெர்சியில் சைடிங் மாற்றுவது வீட்டின் மூலதன மேம்பாடு. எஸ்.டி.-8 படிவம் நிரப்பிக் காண்டிராக்டரிடம் கொடுத்தால் 6.625 சதவீத விற்பனை வரியை உன்னிடம் வாங்கக் கூடாது. பொருளுக்கு வரி அவர் கட்டுவது. ஆளின் பதிவு எண் 13 வி.ஹெச். என்று ஆரம்பிக்கும், மாநில நுகர்வோர் துறையான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் தளத்தில் போட்டுப் பார். 500 டாலருக்கு மேல் வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம், கையெழுத்துப் போட்டாலும் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம்.

பெரியப்பா: முன்பணம் குறைவாகக் கொடு. கழற்றி முடித்ததும் ஒரு தவணை, ராப் ஒட்டியதும் ஒன்று. கடைசிப் பத்து சதவீதத்தை, நீ சுற்றிப் பார்த்து எல்லாம் சரி என்ற பிறகு கொடு. பலகை ஒன்றுக்கு என்ன விலை என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதே.

ஞாயிறு

கார்த்தி: இரண்டாவது ஆளிடமிருந்து பதில் வந்துவிட்டது. நாலுக்கு எட்டு அடி பிளைவுட் ஒன்றுக்கு 115 டாலர், கூலி சேர்த்து. மாற்றும் ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்புவார். கணக்கு இதுதான்: வேலை 24,600, மழைநீர்க் குழாய் புதுசு 1,800, பலகைக்கு ஒதுக்கியது 3,000. மொத்தம் 29,400. இருபத்தாறு பலகை வரை தாங்கும்.

பெரியப்பா: இது கணக்கு. பணம் மிஞ்சினால் அதைத் தொடாதே, ஜன்னல் மாற்ற வைத்துக்கொள்.

ரவி மாமா: எப்போது ஆரம்பம்? கடுங்குளிரில் வேண்டாம், வினைலை வெட்டும்போது உடையும்.

கார்த்தி: ஏப்ரல் மூன்றாம் வாரம். நீங்கள் முதல் நாள் வர முடியுமா மாமா?

ரவி மாமா: வருகிறேன். சமையலறைச் சுவரை முதலில் கழற்றச் சொல்.

வித்யா: ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இரண்டு நிறத்துக்குத்தான் அனுமதி தந்திருக்கிறது, வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறம். இரண்டு துண்டும் மேற்குச் சுவரில் வைத்திருக்கிறேன், படம் கீழே. செவ்வாய்க்குள் சொல்லுங்கள்.

சுதா அக்கா: மணல்.