புதுப்பிப்பு: பிக்கப் முன் சக்கரத்தில் வந்த "டக் டக்" சத்தம்

ஏற்காட்டிலிருந்து காப்பி மூட்டையோடு இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இடது முன்பக்கம் சத்தம் வருதுன்னு கேட்டிருந்தேன். நிறைய பேர் ஷாக் அப்சார்பர்னு சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு: கீழ் பால் ஜாயின்ட், அதாவது சக்கரப் பகுதியைக் கீழ் ஆர்மோட (சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கை) இணைக்கிற குண்டு-கிண்ண மூட்டு.

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் சோதிச்ச விதத்தைச் சொல்லியே ஆகணும். என் வண்டியில சுருள் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல உட்காருது. அதனால சேஸிஸ்ல (வண்டியோட அடிச்சட்டம்) ஜாக்கி வைக்காம, ஆர்முக்கு அடியிலேயே வெச்சுத் தூக்கினார். அப்பதான் ஜாயின்ட் மேல இருக்கிற பாரம் விலகி, ஆட்டம் வெளியே தெரியும். டயருக்கு அடியில கடப்பாரை கொடுத்து நெம்பினதும் குண்டு அதோட கிண்ணத்துக்குள்ள மேலும் கீழும் ஆடுச்சு. நம்ம இடுப்பு மூட்டு மாதிரிதான் அமைப்பு; எல்லாப் பக்கமும் திரும்பலாம், ஆனா இடைவெளி கூடாது.

காரணம், ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் (உறை) கிழிஞ்சிருந்தது. மழைத்தண்ணியும் மண்ணும் உள்ளே போய் கிரீஸ் கெட்டு, உலோகம் தேய்ஞ்சிருக்கு. டயர் உள்ஓரம் மட்டும் தேய்ஞ்சதும் இதனாலதான்.

புதுசு போட்டு, நட்டு கழறாம இருக்க புது ஸ்பிளிட் பின் மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு. ஜாயின்ட்ல நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற சின்ன முனை) இருந்தா பூட் லேசா உப்புற வரைக்கும் மட்டும் கிரீஸ் அடிங்க. சீல் பண்ண வகைன்னா ரப்பர் உறை கிழிஞ்சிருக்கான்னு அடிக்கடி பாருங்க. இந்த ஜாயின்ட் கழன்றா சக்கரமே மடங்கிடும். 20 வளைவு இருக்கிற மலைப்பாதையில தள்ளிப்போடாதீங்க.