நகைக்கடனுக்கு அந்த ஃபாரத்துல கட்டம் இல்லை

தறிக்காரர் மகன்:

பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் தனியா மெசேஜ் போட்டு ஒரே கேள்வியைக் கேக்கறீங்க. "அண்ணா, அமெரிக்காவுல டிகிரி படிக்க நிஜமாவே ஃபுல்லா பணம் தருவாங்களா?" ஆளாளுக்குத் தனித்தனியா பதில் போட முடியலை, இங்கயே எழுதிடறேன். இந்த வழியா போனவங்க, போகப் பார்த்து முடியாம திரும்பினவங்க எல்லாரும் உங்க அனுபவத்தைப் போடுங்க. கட்டுரை எப்படி எழுதறது, எஸ்.ஏ.டி. தேர்வுக்கு எப்படிப் படிக்கறதுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. பண உதவிக்காக வீட்டு வருமானம், சொத்து, கடன் எல்லாம் காலேஜ்காரங்க கேக்கற ஃபாரத்துல நம்ம கணக்கை எப்படி எழுதினோம்னு சொல்லத்தான் ஆள் இல்லை.

முதல் விஷயம், அது ஸ்காலர்ஷிப்பே இல்லை. சொந்தக்காரங்க அப்படித்தான் சொல்லிக்குவாங்க, விடுங்க. ஐவி லீக்னு சொல்ற அந்தப் பேர்போன எட்டு யூனிவர்சிட்டியிலயும் மார்க்குக்காக ஒரு ரூபா தரமாட்டாங்க. சேர்த்துக்கிட்டா, உங்க வீட்டால எவ்வளவு கட்ட முடியும்னு அவங்களே ஒரு கணக்குப் போட்டு, மீதியை அவங்க ஏத்துக்குவாங்க. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல போகுது. நம்ம காசுல 75 லட்சம் பக்கம். அதனாலதான் அந்த ஃபாரத்துக்கு இத்தனை மரியாதை.

ரெண்டாவது, 'நீட் பிளைண்ட்', 'நீட் அவேர்'னு ரெண்டு வகை. (நம்மளை அழ வைக்கிற அந்த நீட் இல்லை, இது வேற, 'தேவை'ங்கற நீட்.) ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், பிரவுன் மாதிரி சில இடங்கள்ல, நீங்க பண உதவி கேட்டீங்களா இல்லையான்னு பார்க்காமத்தான் சேர்க்கையை முடிவு பண்றாங்க, வெளிநாட்டுப் பசங்களுக்கும் சேர்த்து. பிரின்ஸ்டன் 2001லயே கடனையும் எடுத்துட்டு முழுக்க கிராண்ட்டா, அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத உதவியா மாத்திடுச்சு. மத்த இடம் பலதுல, உதவி கேட்டா அதையும் தராசுல வைப்பாங்க, அதுதான் 'அவேர்'.

இப்ப என் கதை. அப்பா பள்ளிபாளையத்துல எட்டு தறி வச்சு கூலிக்கு ஓட்டறார். பாவும் ஊடையும் முதலாளி தருவார், சனிக்கிழமை பட்டுவாடா. நான் சொன்ன அந்த ஃபாரத்துக்குப் பேர் சி.எஸ்.எஸ். புரொஃபைல், முதல் காலேஜுக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொண்ணுக்கும் 16 டாலர். (நான் போட்டப்ப பிரின்ஸ்டனுக்குத் தனி ஃபாரம், இலவசம். மத்த இடத்துக்கும் கட்ட முடியலைன்னா அந்தந்த ஆபீஸுக்கு மெயில் போட்டுக் கேளுங்க. எனக்கு ரெண்டு இடத்துல ஃபீஸ் இல்லாம போட கோட் அனுப்பினாங்க.) அதை நிரப்ப மூணு ராத்திரி ஆச்சு. அப்பாகிட்ட இருக்கற கணக்கெல்லாம் ஒரு எல்.ஐ.சி. டைரிதான். பக்கத்துல உக்காந்து வாரா வாரம் கூட்டினோம். மூணாவது ராத்திரி அவரே பேனாவை வச்சுட்டு, "இவ்வளவுதானா வந்திருக்கு?"ன்னார். அதுவரைக்கும் அவரும் வருஷக் கணக்காக் கூட்டிப் பார்த்ததில்லை.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, தறி லோன் வாங்கறதுக்காக ஆடிட்டர் ரிட்டர்ன்ல வருமானத்தை ஆறு லட்சம்னு ஏத்திப் போட்டிருந்தார். கையில நின்னது அதுல பாதி கூட இல்லை. ரிட்டர்ன்ல இருந்த நம்பரை அப்படியே எழுதினேன். ஏன் அப்படி இருக்குன்னு கடைசியில 'சிறப்புச் சூழ்நிலை'ன்னு ஒரு பெட்டி வரும் பாருங்க, அதுல எழுதினேன். டைரிக் கணக்கை மாச வாரியா போட்டு, பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அடுத்தது நகை. அம்மாவோட ஏழு பவுன் கூட்டுறவு பாங்க்ல இருந்துச்சு. 2021ல அஞ்சு பவுன் வரைக்கும் தள்ளுபடின்னு அறிவிச்சப்ப, எங்களுது ஏழுன்னு விட்டுப் போச்சு, அது தனி வயித்தெரிச்சல். அடகுல இருக்கற நகை சொத்தா, கடனா? அந்த ஃபாரத்துல அதுக்குக் கட்டமே இல்லை. சீட்டும் அப்படித்தான். தள்ளி எடுத்தாச்சு, இன்னும் 14 மாசம் கட்டணும். மாமாகிட்ட கைமாத்து 80,000, பேப்பரே கிடையாது. எல்லாத்தையும் அதே பெட்டிக்குள்ள எழுதினேன். பத்து நாள் கழிச்சு காலேஜ் எய்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா மெயில் போட்டாங்க: இந்தச் சீட்டுல மாசாமாசம் கட்டறீங்களே, இது சேமிப்புதானே? 20 பேர், மாசத்துக்கு ஒருத்தர் எடுப்பாங்க, நாங்க ஆறாவது மாசமே எடுத்துட்டோம், இனி கட்டறது எல்லாம் கடன்னு ஒரு டேபிள் போட்டு அனுப்பினேன். "இப்போது புரிகிறது, நன்றி"ன்னு ஒரு வரி பதில்.

எங்க பங்கு வருஷத்துக்கு 1,400 டாலர்னு வந்துச்சு. அப்பா கேட்டது ரெண்டே கேள்வி. "திருப்பிக் கட்டணுமா?" இல்லப்பா. "அப்புறம் எதுக்குத் தர்றாங்க?"

மதுரை அம்மா:

நான் மாணவி இல்லை, மாணவியின் அம்மா. சத்துணவு அமைப்பாளராக வேலை. என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவள் அப்பா வீட்டை விட்டுப் போனவர்தான். விவாகரத்து இல்லை, கோர்ட் இல்லை, ஒரு தாளும் இல்லை.

அந்த ஃபாரம் அப்பாவின் வருமானத்தையும் கேட்கிறது. பிரிந்திருந்தாலும் அவரும் தனியாக ஒன்று நிரப்ப வேண்டுமாம். அவர் இருக்கும் ஊரே எங்களுக்குத் தெரியாது. விலக்குக் கேட்கலாம், ஆனால் எங்கள் நிலைமை தெரிந்த, உறவினர் அல்லாத ஒருவர் கடிதம் தர வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. எங்கள் தெருவில் இந்த விஷயம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. எழுதிக் கொடு என்றால் ஒருவரும் இல்லை. "குடும்ப விஷயம், நாளைக்கு அவர் வந்து கேட்டால்?" என்று நல்ல மனிதர்களே நழுவினார்கள். கடைசியில் எங்கள் பங்குத் தந்தை ஒரு கடிதம் கொடுத்தார். இன்னொன்று, அவளுக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர். ஓய்வு பெற்றுவிட்டார். "எனக்கென்ன பயம்" என்று கையாலேயே எழுதி, கீழே போன் நம்பரும் போட்டார். ஐந்து கல்லூரிக்கு அனுப்பினோம். நான்கில் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றில் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஃபார்ம் 16ம் கிடையாது, ரிட்டர்னும் கிடையாது. பி.டி.ஓ. ஆபீசில் சம்பளச் சான்றிதழுக்கு நான்கு முறை நடந்தேன். அது தமிழில் இருந்ததால் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தும் வாங்கினோம். இவ்வளவையும் டிசம்பரில் ஆரம்பிக்காதீர்கள், ஆகஸ்டிலேயே கையில் வைத்திருங்கள். மகள் இப்போது மூன்றாம் வருடம். அந்த டீச்சருக்கு வாரம் ஒரு முறை போன் செய்கிறாள், எனக்கு அவ்வளவு அடிக்கடி இல்லை.

லேத்து பட்டறை:

இதை எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எழுதிடறேன், ஒருத்தராவது தப்பிக்கட்டும்.

எங்க பெரியப்பா பையன் எம்.எஸ். போனப்ப ஐ-20 (விசாவுக்காக காலேஜ் தர்ற லெட்டர்) வாங்க அவங்கப்பா கணக்குல பணம் போட்டுக் காட்டினாங்க. ஆளாளுக்குக் கொஞ்சம் போட்டு, லெட்டர் வந்ததும் எடுத்துக்கிட்டாங்க. நான் டிகிரிக்கு அப்ளை பண்ணப் போறேன்னதும் ஒரு கன்சல்டன்சியிலயும் அதையே சொன்னாங்க, "பேலன்ஸ் நல்லா காட்டுங்க." அக்டோபர்ல அப்பா கணக்குல 38 லட்சம் நின்னுச்சு. எங்க பட்டறையில ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின். அந்தப் பட்டறையையே வித்தாலும் அவ்வளவு வராது.

நான் கேட்டது தேவையைப் பார்த்துத் தர்ற உதவி. ஃபாரம் கேட்டது இன்னைக்கு உங்க கணக்குல எவ்வளவு இருக்குன்னு. பொய் எழுத வேண்டாம்னு 38 லட்சம்னே எழுதினேன். காலேஜ்ல சேர்க்கை கிடைச்சுது. எங்க பங்கு 12,000 டாலர்னு லெட்டர் வந்துச்சு. அது எங்க பணம் இல்லைன்னு சித்தப்பா, மாமா, அத்தை எல்லாரும் கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பினோம். உங்க அப்பா பேர்ல இருக்கற கணக்கு, அதை நாங்க எப்படிக் கழிக்கறதுன்னு பதில் வந்துச்சு. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கோவையிலேயே மெக்கானிக்கல் சேர்ந்துட்டேன், இப்ப ஃபைனல் இயர். அம்மா இன்னும் அந்தச் சேர்க்கை லெட்டரை பீரோவுல வச்சிருக்காங்க.

தறிக்காரர் மகன்:

நண்பா, நீங்க எழுதினதை மேலயே பின் பண்ணணும். எம்.எஸ். போறவங்க 'எங்ககிட்ட இருக்கு'ன்னு காட்டணும், நாம 'எங்ககிட்ட இல்லை'ன்னு காட்டணும். ரெண்டும் நேர் எதிர். வீட்டுல பெரியவங்களுக்கு இதைப் புரிய வைக்கறதுதான் பாதி வேலை.

பருத்தித்துறை:

நான் 2022இல் விண்ணப்பிச்ச ஆள். இலங்கையில இருந்து வாசிக்கிற பிள்ளையளுக்காக எழுதுறன்.

முடிவு வந்தது ஏப்ரல் முதலாம் திகதி விடியப்புறம் 4.30க்கு. அமெரிக்காவில அப்ப பின்னேரம் ஏழு மணி. முதல் நாள்தான் 13 மணித்தியால மின்வெட்டு. போனில சார்ஜ் 9 வீதம். அம்மா குப்பி விளக்கோட பக்கத்தில நிண்டவ. பக்கம் திறந்துது, "வாழ்த்துக்கள்" எண்டு வாசிச்சன், போன் நிண்டுட்டுது. காசு எவ்வளவு கட்ட வேணும் எண்டு பார்க்க அடுத்த நாள் கரண்ட் வரும் வரைக்கும் பொறுத்தம்.

குடும்பப் பங்கு 4,200 டொலர். நான் ஃபாரம் நிரப்பேக்க டொலர் 200 ரூபாய். அப்ப எட்டு லட்சத்துச் சொச்சம், அப்பா ஆசிரியர், தோட்டக் காணி ஒண்டை வித்துச் சமாளிக்கலாம் எண்டு கதைச்சு வச்சிருந்தம். மே மாதம் டொலர் 360. அதே 4,200 பதினைஞ்சு லட்சமாப் போச்சு. அப்பான்ர சம்பளம் அதே சம்பளம்.

குறைக்கச் சொல்லிக் கேக்கேக்க நான் உருக்கமா ஒண்டும் எழுதேல்ல. மத்திய வங்கியின்ர நாணய மாற்று விகிதப் பக்கம், ரெண்டு திகதிக்கு ரெண்டு. அப்பான்ர சம்பளச் சீட்டு ரெண்டு. "ரூபாயில் ஒன்றும் மாறவில்லை, டொலரில் எல்லாம் மாறிவிட்டது" எண்டு ஒரு வசனம். 1,500 டொலராக் குறைச்சுத் தந்தவை. காணி தப்பிச்சுது. ஆனா அந்த நேரம் வங்கியில டொலர் வாங்கவே ஏலாது, முதல் தவணையை கனடாவில, ஸ்காபுறோவில இருக்கிற மாமிதான் கட்டினவ.

பூச்சியம்:

14 இடம் போட்டேன், 14லயும் இல்லை. அதுல 11 'அவேர்' வகை. உதவியே கேக்காம போட்டிருந்தா ஒண்ணாவது கிடைச்சிருக்குமோன்னு ராத்திரி தோணும். யாராவது, "முதல்ல வேண்டாம்னு டிக் பண்ணு, உள்ள போய்க் கேட்டுக்கலாம்"னு சொன்னா நம்பாதீங்க. பல இடத்துல சேரும்போது கேக்கலைன்னா நாலு வருஷத்துக்கும் கேக்க முடியாது. அந்த விதியைப் படிச்சுட்டுத்தான் நான் கேட்டேன். மறுபடி போட்டாலும் கேப்பேன்.

ரெண்டாம் வருடம்:

யாரும் சொல்லாத ஒண்ணு, வரி. டியூஷனுக்குத் தர்ற கிராண்ட்டுக்கு வரி இல்லை. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் தர்ற கிராண்ட் வருமானம்னு கணக்கு. எஃப்-1ங்கற மாணவர் விசாவுல இருக்கறவங்களுக்கு அதுல 14 சதவீதம் பிடிக்கறாங்க. "எல்லாமே இலவசம்"னு வந்தவனுக்கு முதல் செமஸ்டர்லயே 1,260 டாலர் பில். நடுராத்திரி ஊருக்கு போன் போட்டு அப்பாவை பயமுறுத்திட்டேன். அப்புறம் சீனியர் அக்காதான் சொன்னாங்க. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தப்படி நமக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு, 1040-என்.ஆர்.ங்கற வரி ரிட்டர்னை ஃபைல் பண்ணினா பெரும்பகுதி திரும்பி வரும்னு. வந்துச்சு. ஆனா முதல்ல கட்டணும், அதுக்கப்புறம்தான் வரும். ரூம்மேட் நேபாளப் பையன், அவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கையில ஒரு தொகை வச்சுக்கிட்டு விமானம் ஏறுங்க. இதுக்கு உதவி உண்டான்னு எய்ட் ஆபீஸ்ல கேளுங்க, சில இடத்துல தர்றாங்க.

மதுரை அம்மா:

தறிக்காரர் தம்பி, கேட்கலாமா தெரியவில்லை. அம்மா நகையை மீட்டாச்சா?

தறிக்காரர் மகன்:

கேளுங்கம்மா, அதுல என்ன. இங்க மெஸ்ல பாத்திரம் கழுவற எடத்துல வேலை பார்க்கறேன். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் விடுவாங்க, நான் 12 பண்றேன். அந்தக் காசைச் சேர்த்து போன டிசம்பர்ல மீட்டோம். அம்மா கழுத்துல போட்டு ஒரு போட்டோ அனுப்பினாங்க. ஜூன்ல தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ், திரும்ப அதே பாங்க்ல வச்சாச்சு.

இந்த ஃபாரத்தை வருஷா வருஷம் நிரப்பணும். போன வாரம் இந்த வருஷத்துக்கு உக்காந்தேன். பெட்டியில பழைய வரியை அப்படியே ஒட்டி, தேதியை மட்டும் மாத்தினேன்.